என்ன கரடி

எல் ஆலிசோ,
பிப்ரவரி 9, 1987

என் அன்பு மருமகள் யோலிமாவுக்கு,

இந்தத் தாள் உன் கைக்கு வரும் வேளையில் நீ உடம்பிலும் மனசிலும் தெம்பாக இருக்க வேண்டும் என்று கன்னிமரியாளிடம் கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இங்கே நானும் நாலு பசுக்களும் சௌக்கியம். உன் வருங்கால மாமியார் எல்வீரா அம்மாளிடம் நாற்பது என்று சொன்னேன், அது உனக்கு நினைவிருக்கும். நாற்பது என்றால் வாய்க்கு வசதியாக இருக்கிறது.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகும் ஹெர்னானின் வீட்டில் நடந்த விருந்தை நினைத்து ஒரு மாதமாக மகிழ்ந்துகொண்டிருக்கிறேன். பொகோட்டாவில் அப்படிப்பட்ட மேசையில் நான் உட்காருவது முதல்முறை என்று யாராவது சொல்ல முடியுமா? பல் வைத்தியர் குடும்பம், ஆளுக்கு மூன்று முள்கரண்டி. நான் அசரவில்லை. பாராமோ மலைமேட்டில் கரடியோடு மல்லுக்கட்டிய கதையை எடுத்துவிட்டேன். சூப்பு வந்தபோது அந்தக் கரடி கன்றுக்குட்டி அளவுதான் இருந்தது. இனிப்பு வருவதற்குள் கோவில் கதவு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. நான் என்ன செய்ய, கேட்கிறவர்கள் முகம் அப்படி இருந்தது. சட்டையைத் தூக்கி விலாவில் இருக்கும் வடுவைக் காட்டியதும் உன் மாமியாராகப் போகிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவு மரியாதை. அதற்குப் பிறகு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, கவனித்தாயா?

உன் அம்மா, என் தங்கை, கண்ணை மூடியபோது உனக்கு நாலு வயது. அன்றிலிருந்து இந்தக் கையைப் பிடித்துத்தான் நடந்தாய். ஆகவே கோவிலில் உன்னைப் பீடம் வரை கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பது என் வேலை. அதற்குக் கறுப்புக் கோட்டு ஒன்றைத் தைக்கக் கொடுத்துவிட்டேன். தையல்காரர் என் தோள் அகலத்தை அளந்துவிட்டு, ஒரு ஜெனரலுக்குத்தான் இப்படித் தைத்ததாகச் சொன்னார். சொல்லவில்லை, ஆனால் சொல்ல நினைத்தது முகத்தில் தெரிந்தது.

கடவுள் உன்னைக் காக்க. பேருந்து ஓட்டும் டோரிபியோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலைவிட அவன் வேகம்.

உன்னை ஆசீர்வதிக்கும் மாமா,
அரிஸ்தோபுலோ


பொகோட்டா,
மார்ச் 2, 1987

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. காலையில் வரும் இருமல் நின்றதா? வெல்லத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்கிறீர்களா? நான் நலமாக இருக்கிறேன். நோட்டரி அலுவலகத்தில் வேலை அதிகம். ஹெர்னான் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நாள் குறித்தாயிற்று. செப்டம்பர் 12, சனிக்கிழமை, காலை பதினொரு மணி.

ஒரு விஷயம். எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஜனவரி விருந்தை நினைத்தால் எனக்கு இன்னும் கரடி வருகிறது, மாமா. அதிலும் அந்த வடு. கல்யாணத்தன்று கரடி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் எனக்கு அது போதும். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

குளிரில் வெளியே போகும்போது ருவானாவைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசியைக் கேட்கும்,
யோலிமா


எல் ஆலிசோ,
மார்ச் 15, 1987

என் அன்புக் குழந்தை யோலிமாவுக்கு,

இருமல் போய்விட்டது. இருமலே என்னைப் பார்த்துப் பயந்து பக்கத்து வீட்டுக்காரனிடம் போய்விட்டது. நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் நான் நம்பவில்லை. கரடி வருகிறது என்று எழுதியிருக்கிறாயே!

குற்றம் என்னுடையதுதான். கதையை அவ்வளவு தத்ரூபமாகச் சொல்லியிருக்கக் கூடாது. கரடி கனவில் வருகிறதா, கண்ணை மூடாமலே வருகிறதா என்று நீ எழுதவில்லை. கனவென்றால் தலையணைக்கடியில் ஒரு கொத்து அருவதா இலை வை, கால்மாட்டில் துடைப்பத்தைத் தலைகீழாகச் சாத்து. விழித்திருக்கும்போதே வந்தால் அது வயிற்றுக் கோளாறு. பொகோட்டாவில் சாப்பிடும் உருளைக்கிழங்கு பழைய கிழங்கு, அதில்தான் கோளாறு. நிஜக் கரடி அங்கே வராது. வாகனப் புகை அதற்கு ஆகாது. இது விஞ்ஞானம். நான் இரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும், மூன்றாம் வகுப்பில் எனக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் பாக்கி இல்லை என்று ஆசிரியையே சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆனாலும் நீ பயப்படுவதால் சொல்கிறேன். கல்யாணத்தன்று கரடி வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. முந்தின நாளே வந்து கோவிலைச் சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.

துணிச்சலாக இரு.

மாமா அரிஸ்தோபுலோ


பொகோட்டா,
ஏப்ரல் 6, 1987

அன்புள்ள மாமா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உருளைக்கிழங்கு தோண்டத் தொடங்கிவிட்டார்களா? பனி பெய்து செடி கருகிவிட்டதாகச் செய்தியில் கேட்டேன். உங்கள் பக்கம் இல்லையே?

நான் எழுதியது அந்தக் கரடி இல்லை, மாமா. அதை விடுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு எல்வீரா அம்மாள் "என்ன கரடி, என்ன கரடி" என்று மூன்று தடவை சொன்னாராம். ஹெர்னானின் தங்கை என்னிடம் சொன்னாள். அவருடைய தோழிகளுக்கும் இப்போது விஷயம் தெரியும். நான் அந்த வீட்டுப் படியேறும்போது எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல இருக்கிறது. பார்க்கவில்லை என்றும் தோன்றுகிறது.

கோட்டு அழகாக வரும் என்று நினைக்கிறேன்.

யோலிமா


எல் ஆலிசோ,
ஏப்ரல் 20, 1987

என் மருமகள் யோலிமாவுக்கு உயிர்ப்பு ஞாயிற்றின் வாழ்த்துகள்,

நேற்றுப் பவனியில் சுரூபத்தைத் தூக்கிய எட்டுப் பேரில் நானும் ஒருவன். உண்மையில் ஆறு பேர் தூங்கிக்கொண்டே நடந்தார்கள், பாரம் முழுக்க என்மேல்தான். தோள் வலியைத் தவிர நான் சுகம். பனி இந்தப் பக்கம் வரவில்லை.

உன் கடிதம் என்னை வானத்தில் ஏற்றிவிட்டது. எல்வீரா அம்மாள் என்ன கரடி என்று கேட்டாரா? அதுவும் மூன்று தடவையா? தோழிகளும் கேட்கிறார்களா? அங்கேயே என்னிடம் கேட்டிருக்கலாமே, பெரிய வீட்டு மனிதர்களுக்கு இத்தனை கூச்சம் எதற்கு? அவரிடம் இப்படிச் சொல்: ஆண் கரடி. கறுப்பு. இரண்டு கண்ணைச் சுற்றியும் மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல வெள்ளை வளையம். எடை இருநூறு கிலோ, மழையில் நனைந்திருந்ததால் இருநூற்றுப் பத்து. அது என் மக்காச்சோளத்தைத் தின்ன வந்தது, நான் தடுத்தேன், மீதி அவருக்குத் தெரியும்.

வாயால் சொன்னால் நகரத்து மனிதர்கள் நம்ப மாட்டார்கள் என்பதால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கரடித் தோலைக் கல்யாணத்துக்குக் கொண்டுவருகிறேன். கோவில் படியிலிருந்து உள்ளே விரித்துவிட்டால் நீயும் நானும் அதன்மேல் நடந்து போகலாம். தோல் பழையதாகிவிட்டது. ஆகவே பார்ப்பதற்குக் கொஞ்சம் மாட்டுத்தோல்போல இருந்தால் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். கண் வளையத்துக்குச் சுண்ணாம்பு வாங்கியிருக்கிறேன். அதாவது, மங்கியதைத் துலக்கிக் காட்டுவதற்கு.

இந்தக் குடும்பம் நம்மை மதிக்கிறது, யோலிமா. எனக்கு நிம்மதி.

மாமா அரிஸ்தோபுலோ


பொகோட்டா,
மே 4, 1987

மாமா,

உங்கள் தோள் குணமாகட்டும். நான் சுகம்.

தோல் வேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், எந்தத் தோலும் வேண்டாம். எல்வீரா அம்மாள் உங்களிடம் கரடியைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தச் சொல்லை இங்கே வேறு மாதிரி சொல்கிறார்கள். நானே எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை வரவில்லை. தொலைபேசி நிலையத்தில் இருக்கும் கஸ்டோடியா அக்கா இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்தவர். அவரிடம் கேளுங்கள், சொல்வார்.

இன்னொன்று. எல்வீரா அம்மாளின் அண்ணன் ஓய்வுபெற்ற கர்னல். அவருக்கு இந்த மாதிரிச் சடங்கெல்லாம் பழக்கமாம். உங்களுக்கு அவ்வளவு தூரப் பயணம் சிரமமாக இருந்தால், என்னைப் பீடம் வரை கூட்டிப்போக அவர் தயார் என்று சொன்னார்கள். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உங்கள்
யோலிமா


பொகோட்டா,
ஜூன் 15, 1987

மாமா, ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. டோரிபியோவைப் பேருந்து நிலையத்தில் போய்ப் பார்த்தேன், நீங்கள் நன்றாக இருப்பதாகவும், எதுவும் கொடுத்தனுப்பவில்லை என்றும் சொன்னார். கஸ்டோடியா அக்காவைப் பார்த்தீர்களா? இரண்டு வரி எழுதினால் போதும். யோலிமா.


எல் ஆலிசோ,
ஜூலை 20, 1987

யோலிமாவுக்கு,

சுதந்திர தினத்தில் எழுதுகிறேன், வெளியே வாத்தியம் முழங்குகிறது. நீ சுகமாக இருப்பாய். உருளைக்கிழங்கு இந்த வருடம் தலை தலையாக விளைந்ததால் எழுத நேரம் இல்லை. ஒரு கிழங்கைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

கஸ்டோடியாவை மே மாதமே பார்த்துவிட்டேன். சந்தை நாள், தொலைபேசிக்கு ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். நான் எதையும் மறைத்துப் பேசுகிறவன் இல்லை. அதனால் எல்லார் முன்னிலையிலும் உன் கடிதங்களை எடுத்து, அந்தந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

அவள் முதலில் சொல்லவில்லை. "அப்புறம் வாங்கண்ணே" என்றாள். இப்பவே சொல்லு என்றேன்.

"அண்ணே, அது காட்டுல இருக்கற கரடி இல்ல. நாலு பேரு நடுவுல ஒருத்தன் மானங்கெட்டு நின்னான்னா, அங்க 'கரடி ஆயிட்டான்'ம்பாங்க. கூட இருக்கறவளுக்கு அதப் பாத்து உடம்பு கூசிச்சுன்னா, 'எனக்குக் கரடி வருது'ம்பா."

"அப்ப 'என்ன கரடி'ன்னா?"

"அது கேள்வி இல்லண்ணே. 'என்ன அசிங்கம்'னு சொல்ற மாதிரி."

நான் விடவில்லை. செய்தவன் கரடியா, பார்த்தவள் கரடியா, ஒரு தீர்மானத்துக்கு வா என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே கரடிதான் என்றாள். வரிசையில் நின்ற கசாப்புக்காரன், "ரெண்டையும் கயித்துல கட்டிக் கூட்டிட்டு வாங்க, திருவிழாவுல ஆட விடலாம்" என்றான். ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக. கஸ்டோடியா மட்டும் சிரிக்கவில்லை, பாவம், அவளுக்கு அன்று பல்வலிபோல.

இந்த அர்த்தமெல்லாம் எனக்கு முன்பே தெரியும். உன்னைச் சோதிக்கத்தான் தெரியாதவன்போல எழுதினேன். ஆனால் ஒரு கணக்கு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சட்டையைத் தூக்கியது நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகச் சாப்பிட்டேன், பேருந்தில் நன்றாகத் தூங்கினேன். நீ சும்மா உட்கார்ந்திருந்தாய். உனக்கு எப்படி அது வந்தது? என் வயிறு நிறைந்தால் உனக்கு ஏப்பம் வருமா? பாதிரியாரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கரடி விஷயமெல்லாம் வேதத்தில் சுருக்கமாகத்தான் இருக்கிறதாம்.

இருக்கட்டும். உனக்கு ஒரு கெட்ட செய்தி. போன வாரம் குதிரையிலிருந்து விழுந்தேன். குதிரைமேல் தப்பில்லை, அது என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தது. இடது முழங்கால் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. இப்படி ஒரு முழங்காலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று வைத்தியர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். செப்டம்பரில் பயணம் கூடாதாம். கர்னல் நல்ல மனிதராகத் தெரிகிறார். அவருக்கு இரண்டு காலும் திடமாக இருக்கும்.

கடவுள் துணை.

மாமா அரிஸ்தோபுலோ


பொகோட்டா,
ஆகஸ்ட் 3, 1987

அன்புள்ள மாமா,

முழங்கால் செய்தி கேட்டு மிகவும் வருந்தினேன். தயவுசெய்து அலட்டிக்கொள்ளாதீர்கள். வைத்தியர் சொல்கிறபடி ஓய்வெடுங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

கர்னலிடம் சொல்லிவிட்டோம். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் நானும் ஹெர்னானும் உங்களைப் பார்க்க வருகிறோம். டிசம்பரில், முடிந்தால்.

கரடி விஷயமாக நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

யோலிமா


எல் ஆலிசோ,
ஆகஸ்ட் 21, 1987

என் மருமகள் யோலிமாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் சுகமென்று நினைக்கிறேன். டோரிபியோவிடம் ஒரு சாக்கு உருளைக்கிழங்கும் ஒரு கூடைப் பாலாடைக்கட்டியும் அனுப்பியிருக்கிறேன். எல்வீரா அம்மாளுக்கும் கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால் சந்தையில் வாங்கினேன் என்று சொல்லிக்கொள், எனக்கு ஒன்றும் இல்லை.

கர்னல் விஷயமாக ஒரே ஒரு யோசனை. படையில் இருந்தவர்கள் வேகமாக நடப்பார்கள். நீ இழுபட்டுப் போகாதே. கொட்டிலிலிருந்து கிணறு வரை நாற்பத்திரண்டு அடி, கோவில் நீளமும் அவ்வளவுதான் இருக்கும். வாத்தியம் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு தினமும் நடந்து பார்க்கிறேன். தனியாக நடந்தால் வேகம் சரியாக வராததால் செவலைப் பசுவைப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன். அது நிதானமான பிராணி. ஒரு அடி வை, மூச்சு விடு, அடுத்த அடி வை. அப்படிப் போனால் எல்லாரும் உன் கல்யாண உடையைப் பார்க்க நேரம் இருக்கும். திரும்பும் இடத்தில் மட்டும் செவலை முரண்டு பிடிக்கிறது. கர்னல் அப்படிப் பிடிக்க மாட்டார்.

வலது முழங்கால் வலியோடு இவ்வளவும் செய்கிறேன் என்றால் பார்த்துக்கொள். வேறு ஒருவனாக இருந்தால் படுக்கையில் கிடப்பான்.

கோட்டு வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மாமா அரிஸ்தோபுலோ


பொகோட்டா,
செப்டம்பர் 2, 1987

மாமா,

உங்கள் உடம்பைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்வீரா அம்மாள் வீட்டில் மதியச் சாப்பாடு. கர்னலும், அம்மாளின் தோழிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நீங்கள் அனுப்பிய உருளைக்கிழங்குதான் மேசையில் இருந்தது. தோழி ஒருத்தி ஜனவரிக் கதையைச் சொல்லச் சொன்னாள். எல்வீரா அம்மாள் மடியில் கிடந்த கைத்துணியைச் சட்டைபோலத் தூக்கிப் பிடித்து உங்களைப்போலப் பேசிக் காட்டினார். நன்றாகவே செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஹெர்னானும் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

அப்போது கர்னல், "அது வேலிக் கம்பி கிழிச்ச வடுன்னு நெனைக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது சரி. கம்பிதான் என்று எனக்குத் தெரியும், கட்டுப் போடும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஆனால் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று இப்போதும் விளங்கவில்லை.

"இல்லீங்க, கரடிதான். நான் பாத்தேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எனக்கு ஆறு வயது என்றேன். மக்காச்சோளக் காட்டில் ஒளிந்திருந்தேன் என்றேன். அதற்கு இரண்டு குட்டிகள் இருந்தன, குட்டிகளுக்காகத்தான் அது உங்கள்மேல் பாய்ந்தது, நீங்கள் அதை அடிக்கவே இல்லை, கட்டிப்பிடித்து நிறுத்திவைத்தீர்கள், நான் ஓடித் தப்பிக்கிற வரை விடவில்லை என்றேன். கையை உயர்த்திக் காட்டும்போது தண்ணீர்க் குவளை சாய்ந்தது. குரல் கீச்சென்று போயிற்று. யாரும் சிரிக்கவில்லை, அது சிரிப்பைவிட மோசம். தோழி தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்வீரா அம்மாள் தட்டைப் பார்த்தபடி, "என்ன கரடி" என்றார்.

"பொட்டைக் கரடிங்க" என்றேன்.

கழுத்திலிருந்து தலைமயிர் வரை எரிந்தது, மாமா. ஆனால் ஜனவரியில் உங்களுக்காக வந்ததைவிட, எனக்காக வந்தது லேசாக இருந்தது. அது ஏன் என்று பாதிரியாரைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு சமையலறையில் ஹெர்னான் வந்து, "நெஜமாவா?" என்றார். இல்லை, வேலிக் கம்பி என்றேன். ஒரு தட்டை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு குட்டின்னு எதுக்குச் சொன்ன?" என்றார். "தெரியல, வந்துடுச்சு" என்றேன். அப்போதுதான் சிரித்தார். மேசையில் சிரித்த சிரிப்பு இல்லை இது. என்னைக் கூட்டிப்போக வேண்டாம் என்று கர்னலிடம் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார், பேசியும் விட்டார். எல்வீரா அம்மாள் என்னோடு இன்னும் பேசவில்லை.

இனி உங்கள் உடம்பு. ஜூலைக் கடிதத்தில் இடது முழங்கால். ஆகஸ்டுக் கடிதத்தில் வலது. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி உங்கள் இடது முழங்காலை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதை நம்பி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

ஏழு பேர் நடுவில் என் கடிதத்தை நீங்கள் படித்ததை நினைக்காத நாள் இல்லை. என் வாயால் சொல்ல வேண்டியதைக் கஸ்டோடியா அக்காவிடம் தள்ளிவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கோவில் வாசலில் நிற்பேன். வேறு யாரோடும் உள்ளே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வராவிட்டால் அங்கேயே நிற்கப் போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும்.

உங்கள்
யோலிமா


எல் ஆலிசோ,
செப்டம்பர் 8, 1987

யோலிமாவுக்கு,

நான் சுகம். இரண்டு முழங்காலும் சுகம். குதிரை என்னைத் தள்ளவில்லை.

உன் கடிதத்தைப் பேருந்துப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். நீ எழுந்து நின்ற இடம் வந்ததும் எனக்குக் காது சுட்டது. குவளை சாய்ந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். "போதும் பிள்ள, உக்காரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். டோரிபியோ திரும்பி, யாரிடம் பேசுகிறேன் என்று பார்த்தான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை. சாப்பிட முடியவில்லை. நீ நின்றதும், உன் குரல் கீச்சென்று போனதும், அவர்கள் உன்னைப் பார்க்காமல் இருந்ததும் திரும்பத் திரும்ப வருகிறது. நீ அங்கே செய்ததற்கு இங்கே எனக்கு ஏன் வர வேண்டும்?

அப்புறம்தான் தெரிந்தது, கஸ்டோடியா சொன்னது இதைத்தான் என்று. எனக்கு அறுபத்தொரு வயதாகிறது. இது எனக்கு முன்னால் வந்ததே இல்லை. நீ ஜனவரியிலிருந்து இதை வைத்துக்கொண்டா சாப்பிட்டாய், வேலைக்குப் போனாய், என் இருமலை விசாரித்து எழுதினாய்?

வெள்ளிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். தோலைத் தோல் பதனிடுகிறவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மாட்டுத்தோல்தான். கோவிலுக்குள் எதுவும் பேச மாட்டேன். வெளியே வந்தபிறகு எப்படி என்று எனக்கே தெரியாது, அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. சட்டையைத் தூக்க மாட்டேன்.

பதினொரு மணிக்கு நீ வாசலில் நிற்க வேண்டியிருக்காது. பத்து மணியிலிருந்து நான் நிற்கிறேன்.

மாமா அரிஸ்தோபுலோ

பின்குறிப்பு: இருபது வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். குட்டிகள் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யாராவது கேட்டால் இனி இரண்டு குட்டி என்றே சொல்கிறேன்.